கல்லூரி நூலகத்துக்கு மின்னிதழ்கள்: சந்தா கட்டுவது முதல் பட்டியலில் ஏற்றுவது வரை

"நம் நூலகத்தில் எத்தனை மின்னிதழ்கள் இருக்கின்றன?" நான் பொறுப்பேற்ற மூன்றாவது வாரத்தில் முதல்வர் கேட்டார். முந்தைய ஆண்டறிக்கையில் ஆறாயிரத்துச் சொச்சம் என்று இருந்தது. அலுவலகக் கோப்பில் 22 இதழ்களுக்குப் பணம் கட்டிய ரசீது இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, முழுக் கட்டுரை கைக்கு வந்தவை 16. மூன்று எண்களில் எதைச் சொல்வது என்று தெரியாமல், "பார்த்துச் சொல்கிறேன் ஐயா" என்று வந்துவிட்டேன். பார்த்துச் சொல்ல ஒன்றரை ஆண்டு ஆனது.

தென் மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியின் நூலகர் நான். உடன் ஓர் உதவியாளர், நான்கு கணினிகள், நூலகப் பட்டியலுக்கான கோஹா மென்பொருள். உங்கள் நிலையும் ஏறக்குறைய இதுவென்றால் கீழே உள்ளவை உதவும். நூலகவியல் படிப்பில் மார்க் புலங்களை (பட்டியல் பதிவின் எண்ணிட்ட பகுதிகளை) மனப்பாடம் செய்திருப்பீர்கள். புரோபார்மா இன்வாய்ஸை, அதாவது பணம் கட்டும் முன் வரும் விலைச்சீட்டை, எப்படிப் படிப்பது என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

1. எண்ணுவதில் தொடங்குங்கள்

கோஹாவை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஓர் எக்செல் தாளைத் திறந்து, இதழுக்கு ஒரு வரி எழுதுங்கள். தலைப்பு, அச்சுப் பதிப்பின் ஐ.எஸ்.எஸ்.என். (இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண்), மின்பதிப்பின் ஐ.எஸ்.எஸ்.என்., வெளியீட்டாளர், எந்தத் தளத்தில் கிடைக்கிறது, எந்த ஆண்டு எந்தத் தொகுதியிலிருந்து எதுவரை, எந்த வழியில் கிடைக்கிறது, விலை, புதுப்பிக்கும் நாள், கடைசியாகச் சோதித்த நாள் என்று நிரல்களை வைத்துக்கொள்ளுங்கள். 'எந்த வழியில்' என்ற நிரலில் தனிச் சந்தா, அரசுத் திட்டம், கட்டற்ற அணுகல் (யாரும் இலவசமாகப் படிக்கலாம்), அச்சுச் சந்தாவுடன் சேர்ந்தது என்ற நான்கில் ஒன்றை எழுதினால் போதும். இந்தத் தாளைத்தான் கடைசிவரை கட்டி ஆளப்போகிறீர்கள்.

சோதிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கட்டுரையின் சுருக்கம் தெரிந்தால் அணுகல் இருப்பதாக எழுதிவிடாதீர்கள். சுருக்கம் ஊருக்கே தெரியும். பி.டி.எப். திறக்க வேண்டும். பழைய இதழ் ஒன்று, நடுவில் ஒன்று, புத்தம் புதியது ஒன்று என்று மூன்றைத் திறந்து பாருங்கள். கல்லூரி இணைப்பிலிருந்து பாருங்கள், கைப்பேசித் தரவில் வேண்டாம். நான் விழுந்த குழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டி வாங்கும் இதழ்களிலும் சில கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்கும். பக்கத்தில் திறந்த பூட்டுப் படம் இருக்கும். அப்படி ஒரு கட்டுரையைத் திறந்துவிட்டு "வேலை செய்கிறது" என்று குறித்துக்கொண்டேன். அந்த இதழ் நான்கு மாதமாக முடங்கிக் கிடந்தது.

எங்கள் 22-இல் திறக்காத ஆறில் நான்கு, அச்சுச் சந்தாவுடன் இலவசமாகக் கிடைத்த மின்பதிப்புகள். உறையின் முகவரிச் சீட்டில் அச்சிட்டிருந்த சந்தாதாரர் எண்ணைக் கொண்டு தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். யாரும் செய்யவில்லை, உறையைக் கிழித்துப் போட்டுவிட்டோம். இனி உறைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

2. இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வருவதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்

காசு கொடுத்து வாங்கும் முன், உங்கள் கல்லூரிக்கு ஏற்கெனவே என்ன உரிமை இருக்கிறது என்று பாருங்கள்.

மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் ₹6,000 கோடி. 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் இதில் அடங்கும். மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் காந்திநகரில் உள்ள இன்பிளிப்நெட் மையம் நடத்துகிறது. அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் வேறு எதற்கும் முன்பாகத் தங்கள் கல்லூரியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, பதிவு முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிவே செய்யாமல், திட்டத்தில் இருக்கும் இதழுக்குத் தனிச் சந்தா கட்டிக்கொண்டிருந்த ஒரு நண்பரை எனக்குத் தெரியும். தணிக்கையில் பதில் சொல்ல முடியாமல் தவித்தார்.

உதவி பெறும் கல்லூரிகளுக்குப் பழகிய வழி, அதே இன்பிளிப்நெட் நடத்தும் என்-லிஸ்ட் என்ற மின்வளத் திட்டம். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இதழ்கள் அதில் கிடைக்கும். எங்கள் ஆண்டறிக்கையில் இருந்த எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். நாங்கள் கட்டியது ஆண்டுக்கு ஐயாயிரமும் 18 விழுக்காடு வரியுமாக ₹5,900. இந்த ஆண்டுக் கட்டணத்தைத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 2(எப்), 12(பி) பிரிவுகளின் கீழ் கல்லூரி சேர்க்கப்பட்டதற்கான கடித நகல் கையில் இருக்கட்டும். அந்தக் கடிதம் பெரும்பாலும் முதல்வர் அறை இரும்பு அலமாரியில், லேமினேட் செய்த நிலையில் இருக்கும். ஒருமுறை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால் வேறு பத்து இடங்களில் கேட்கும்போது கொடுக்கலாம்.

பணம் கட்டியதோடு என்-லிஸ்ட் வேலை முடிவதில்லை. பயனர் பட்டியல் அனுப்பினால்தான் கணக்குகள் உருவாகும். பெயர், துறை, மின்னஞ்சல். மாணவர்கள் தரும் மின்னஞ்சல் முகவரிகளில் பத்தில் ஒன்றாவது தவறாக இருக்கும். கையால் எழுதி வாங்காதீர்கள். கூகுள் படிவத்தில் அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். படிப்பு முடித்துப் போனவர்களை ஜூன் மாதம் நீக்கிவிடுங்கள்.

கட்டற்ற அணுகல் இதழ்களுக்கு டி.ஓ.ஏ.ஜே. கோப்பகம் இருக்கிறது. அதன் முழுத் தரவையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும் உங்கள் பட்டியலில் கொட்டாதீர்கள். உங்கள் கல்லூரியில் விலங்கியல் இருந்தால் விலங்கியல் இதழ்களை எடுங்கள்.

3. சந்தா: எந்த மாதம் என்ன செய்ய வேண்டும்

இதழ்களின் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. பெரும்பாலான குழப்பங்கள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. முதல் ஆண்டு நான் ஏப்ரலில் நிதி வந்தபின் கேட்கலாம் என்று இருந்தேன். ஏப்ரலில் கேட்டு, ஜூனில் ஒப்புதல் வாங்கி, ஜூலையில் பணம் கட்டினால் அந்த ஆண்டுச் சந்தாவில் பாதி போய்விட்டது. விலையில் பாதி குறையாது.

இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஆகஸ்ட்டில் துறைத் தலைவர்களிடம் பட்டியல் வாங்குவேன். செப்டம்பரில் நூலகக் குழுக் கூட்டம்; கூட்டக் குறிப்பில் இதழ்களின் பெயர்கள் தனித்தனியாக இருக்க வேண்டும், "துறைகள் கேட்டவை" என்று பொத்தாம்பொதுவாக எழுதக்கூடாது. அக்டோபரில் மூன்று கொட்டேஷன். நவம்பர் முதல் வாரத்தில் கொள்முதல் ஆணை. டிசம்பர் பதினைந்துக்குள் பணம். ஜனவரி இரண்டாம் வாரம் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பது. புதுப்பிக்கத் தாமதமானால் சில வெளியீட்டாளர்கள் சில வாரம் விட்டுப்பிடிப்பார்கள். அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: துறையின் கோரிக்கைக் கடிதம், குழுக் குறிப்பு, கொட்டேஷன்கள், ஒப்பீட்டு அறிக்கை, கொள்முதல் ஆணை, புரோபார்மா, இறுதி இன்வாய்ஸ், பணம் கட்டிய சான்று, அணுகல் திறந்ததற்கான மின்னஞ்சலின் அச்சு. ஒரே வெளியீட்டாளர் மட்டுமே தரும் இதழுக்கு மூன்று கொட்டேஷன் கிடைக்காது. அதற்கு வெளியீட்டாளரிடம் தனி உரிமைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், தருவார்கள். கல்லூரியைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு கேட்கும் நூலகச் செலவு விவரமும் இதே கோப்பிலிருந்துதான் வரும். தணிக்கை செய்த கணக்கில் அந்த வரியை மஞ்சள் பூசிக் காட்டச் சொல்வார்கள். புத்தகம், அச்சிதழ், மின்வளம் மூன்றையும் ஒரே தலைப்பில் எழுதும் கணக்கரிடம் இப்போதே பேசிப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

பணத்தில் மூன்று பொறிகள்.

ஒன்று, டாலர். விலை வெளிநாட்டுப் பணத்தில் இருந்தால் எந்த நாளின் எந்த மாற்று விகிதம் என்று கொள்முதல் ஆணையிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் இன்வாய்ஸ் வரும் நாளில் ரூபாய் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் விலை. வங்கி விகிதத்தின் அச்சு நகலைச் சந்தா முகவரிடம் (நமக்கும் வெளியீட்டாளருக்கும் நடுவில் நிற்பவர்) கேட்டு இணைத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டாளருக்கு நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்புவது மலிவாகத் தோன்றும். வருமானவரிப் படிவம், பட்டயக் கணக்கர் சான்று, வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தபின் நான் முகவரிடமே திரும்பி வந்தேன்.

இரண்டு, ஜி.எஸ்.டி. இதைப் பலர் கவனிப்பதில்லை. சட்டம் அங்கீகரித்த பட்டத்துக்கான பாடத்திட்டக் கல்வி தரும் நிறுவனங்கள் இணையவழிக் கல்வி இதழ்களை வாங்கினால் 2018 ஜனவரி 25 முதல் வரிவிலக்கு உண்டு. மத்திய வரி விகித அறிவிக்கை எண் 2/2018-ஐப் பாருங்கள். எங்களுக்கு வந்த ஒரு புரோபார்மாவில் ₹1,86,000-க்கு 18 விழுக்காடு போட்டு ₹33,480 சேர்த்திருந்தார்கள். அறிவிக்கையின் நகலை இணைத்து ஒரு கடிதம் எழுதினேன். மறுவாரம் திருத்திய இன்வாய்ஸ் வந்தது. விலக்கு 'இதழ்களுக்கு' என்பதை மறக்காதீர்கள். மென்பொருள், தொலைநிலை அணுகல் சேவை, உறுப்பினர் கட்டணம் என்ற பெயர்களில் வருபவற்றுக்கு வேறு கணக்கு. எழுதும் முன் கல்லூரித் தணிக்கையாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மூன்று, முகவர். ஓராண்டு டிசம்பரில் நாங்கள் முழுப் பணமும் கட்டிவிட்டோம். முகவர் வெளியீட்டாளருக்குப் பணம் அனுப்பியது மார்ச்சில். ஏப்ரலில்தான் அணுகல் திறந்தது. கேட்டால், "மேடம், வெளியீட்டாளர் பக்கத் தாமதம்" என்ற பதில். இப்போது கொள்முதல் ஆணையில் ஒரு வரி சேர்க்கிறேன்: ஆணை பெற்ற முப்பது நாளில் வெளியீட்டாளரின் உறுதிக் கடிதம் தர வேண்டும். பெரிய பெயர் என்பதும் காப்பாகாது. நெதர்லாந்தின் ஸ்வெட்ஸ் உலகின் பெரிய சந்தா முகவர்களில் ஒன்று, 2014-இல் திவாலானது. ஒரே முகவரிடம் எல்லாவற்றையும் கொடுத்து, எல்லாவற்றுக்கும் முன்பணமும் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

4. ஒப்பந்தத்தில் நான்கு வரிகளைத் தேடுங்கள்

முழுவதையும் படிக்க நேரம் இல்லையென்றால் இந்த நான்கை மட்டுமாவது தேடுங்கள். யார் பயன்படுத்தலாம் (பகுதிநேர ஆய்வாளர், விருந்தினர் ஆசிரியர், நூலகத்துக்கு நேரில் வரும் வெளியார்). வேறு நூலகத்துக்குக் கட்டுரை அனுப்பலாமா. மொத்தமாக இறக்கினால் என்ன நடவடிக்கை. சந்தாவை நிறுத்தினால், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் தொடர்ந்து கிடைக்குமா.

கடைசியானதுதான் உயிர். அச்சிதழ்ச் சந்தாவை நிறுத்தினால் பழைய இதழ்கள் அலமாரியில் இருக்கும். மின்னிதழில் ஒப்பந்தம் அப்படிச் சொன்னால் மட்டுமே இருக்கும். 'ஆம்' என்று இருந்தால் எந்த வழியில் என்றும் பாருங்கள்: வெளியீட்டாளர் தளத்திலேயா, போர்ட்டிகோ போன்ற மின்காப்பகங்கள் வழியா. கையெழுத்தான ஒப்பந்தத்தின் பி.டி.எப்.-ஐ எக்செல் தாளின் அந்த வரியிலேயே இணைத்துவிடுங்கள்.

5. ஐ.பி. முகவரி

முதன்முதலில் வெளியீட்டாளர் எங்கள் ஐ.பி. முகவரியைக் கேட்டபோது, நூலகக் கணினியின் அமைப்பில் தெரிந்த 192.168 என்று தொடங்கும் எண்ணை அனுப்பி வைத்தேன். பத்தொன்பது நாள் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகுதான் புரிந்தது. 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் எண்கள் எல்லாம் உள்வலையமைப்புக்கு உரியவை. பக்கத்துத் தெரு மருந்துக்கடையிலும் அதே எண் இருக்கும். வெளியீட்டாளருக்குத் தேவை, கல்லூரிக்கு இணைய நிறுவனம் தந்திருக்கும் நிலையான பொது ஐ.பி. அதை இணைய நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிலையான ஐ.பி. இல்லாத இணைப்பு என்றால் அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும். அதையும் சந்தாச் செலவில் சேர்த்தே குழுவுக்குக் காட்டுங்கள்.

கல்லூரியில் இரண்டு இணைப்புகள் இருந்தால் இரண்டின் எண்ணையும் கொடுங்கள். ஒன்று அறுந்து மற்றொன்றுக்கு மாறும் நாளில் எல்லா இதழ்களும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளும். திறக்காத ஆறில் மீதி இரண்டு இப்படி மூடியவைதான்: கல்லூரி இணைய நிறுவனத்தை மாற்றியது, நூலகத்துக்கு யாரும் சொல்லவில்லை. கணினித் துறைப் பொறுப்பாளரிடம் நட்பாக இருங்கள். வேறு வழியில்லை.

வீட்டிலிருந்து படிக்க வேண்டுமானால் இன்பிளிப்நெட்டின் இன்பெட் கூட்டமைப்பில் கல்லூரி சேரலாம். பயனர் தன் கல்லூரிக் கணக்கில் நுழைந்து படிப்பார். தனியார் தொலைநிலைச் சேவைகளை விலை பேசும் முன் இதைப் பாருங்கள்.

6. ஐ.எஸ்.எஸ்.என். சரிபார்ப்பு

அச்சுக்கு ஓர் எண், மின்பதிப்புக்கு வேறோர் எண். எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழுக்கு அச்சில் 0012-9976, இணையத்தில் 2349-8846. மின்னிதழ்ப் பதிவில் அச்சு எண்ணைப் போட்டால் பின்னால் பயன்பாட்டு அறிக்கையோடு பொருத்தும்போது பாதி இதழ்கள் காணாமல் போகும்.

எட்டாவது இலக்கம் சோதனை இலக்கம். முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 0012-9976-க்கு 93 வரும். 11 ஆல் வகுத்தால் மீதி 5. பதினொன்றிலிருந்து ஐந்து போக 6. சரியாக இருக்கிறது. கணக்கில் 10 வந்தால் எக்ஸ் என்ற எழுத்து நிற்கும். மீதியே இல்லையென்றால் 0. எக்செலில் ஒரு சூத்திரமாக எழுதிவிட்டால் தட்டச்சுப் பிழைகள் தாமாக வெளியே வரும். எக்செல் செய்யும் இன்னொரு விஷமம், கோடில்லாமல் உள்ளிட்ட எண்ணின் முன்னால் இருக்கும் சுழியங்களைத் தின்றுவிடுவது. அந்த நிரலை முதலிலேயே 'உரை' வடிவத்துக்கு மாற்றுங்கள்.

எண் சரியா என்பதை ஐ.எஸ்.எஸ்.என். போர்டலில் இலவசமாகத் தேடலாம். எண் இருப்பதால் இதழ் தரமானது என்று பொருளில்லை. பெயரை நகலெடுத்த போலி இதழ்கள் உண்மையான இதழின் எண்ணையே போட்டுக்கொள்ளும். மானியக் குழு வைத்திருந்த தரமான இதழ்களின் 'யூ.ஜி.சி. கேர்' பட்டியலில் இருக்கிறதா என்று ஆசிரியர்கள் இன்னும் வந்து கேட்பார்கள். அந்தப் பட்டியலை மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்தால் தொண்டைத்தண்ணீர் மிச்சம்.

7. கோஹாவில் பதிவு

முதல் முடிவு: அச்சுக்கும் மின்பதிப்புக்கும் ஒரே பதிவா, தனிப் பதிவா? நான் இரண்டையும் செய்து பார்த்தேன். சிறிய நூலகத்தில் ஒரே பதிவு வாசகருக்கு எளிது. ஆனால் அச்சை நிறுத்திவிட்டு மின்பதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் நாள் வரும். அன்று பிரித்தெடுப்பது பெரும்பாடு. தனிப் பதிவு வைத்து 776 புலத்தால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். அதே நேரத்தில், ஒரே மின்னிதழ் மூன்று தளங்களில் கிடைத்தால் மூன்று பதிவு வேண்டாம். ஒரு பதிவு, இணைய முகவரிக்கான 856 புலம் மூன்று.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து இசட்39.50 (பிற நூலகப் பட்டியலைத் தேடிப் பதிவை எடுக்கும் முறை) வழியாகப் பதிவை இறக்கினால் வேலை பாதியாகும். இறக்கியது பெரும்பாலும் அச்சுப் பதிப்பின் பதிவாக இருக்கும். அதில் கட்டாயம் மாற்ற வேண்டியவை:

பதிவின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்புரையின் (லீடர்) 07 என்ற இடத்தில் தொடர் வெளியீட்டைக் குறிக்கும் 'எஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். புத்தகப் படிவத்தைத் திறந்து உள்ளிட்டிருந்தால் 'எம்' இருக்கும், தேடலில் இதழ் என்று வடிகட்டினால் வராது. 008-இன் 23-ஆம் இடத்தில் இணையவழி என்பதற்கான 'ஓ'. 022-இல் மின்பதிப்பின் எண். 310-இல் எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது. 506-இல் யார் அணுகலாம் என்று ஒரு வரி. 942-இல் மின்னிதழ் என்று நீங்கள் உருவாக்கிய வகை.

பெயர் மாறிய இதழ்களுக்கு 780 (முந்தைய தலைப்பு), 785 (பிந்தைய தலைப்பு). எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி 1966-இல் தொடங்கியது. அதற்கு முன் 1949 முதல் எகனாமிக் வீக்லி. பொருளியல் மாணவி ஒருவர் 1955-ஆம் ஆண்டுக் கட்டுரையின் மேற்கோளோடு வந்து, "இந்த இதழ் நம்மிடம் இல்லையே அம்மா" என்றார். முந்தைய தலைப்புக்குத் தனிப் பதிவும், அதையும் இதையும் இணைக்கும் 780-உம் இருந்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார்.

856-இல் முதல் குறியீடு 4, இரண்டாவது 0. யு துணைப்புலத்தில் முகவரி, 3 துணைப்புலத்தில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, இசட் துணைப்புலத்தில் "கல்லூரி வளாகத்தில் மட்டும்" போன்ற குறிப்பு. முகவரியை உலாவியிலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். நீங்கள் உள்நுழைந்திருந்தால் அதன் வாலில் உங்கள் அமர்வு எண் ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் யாருக்கும் திறக்காது. கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டு வேறொரு கணினியில் சோதியுங்கள்.

பிரதி சேர்க்காத பதிவுகளுக்கு ஓபேக்கில் (வாசகர் தேடும் இணையப் பட்டியலில்) பிரதிகள் இல்லை என்று காட்டும். வாசகர் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். இணைப்பைச் சொடுக்க வேண்டும் என்பதை 856-இன் குறிப்பிலேயே தமிழில் எழுதிவிடுகிறேன்: "முழு இதழையும் படிக்க இங்கே சொடுக்குங்கள்."

கோஹா 22.11 பதிப்பு முதல் மின்வள மேலாண்மைக்கென்றே ஒரு தொகுதி இருக்கிறது. ஒப்பந்தம், உரிமம், இதழ்த் தொகுப்பு எல்லாவற்றையும் அதில் வைக்கலாம். நிர்வாக அமைப்பில் இயக்கினால்தான் கண்ணுக்குத் தெரியும். முப்பது இதழுக்குக் குறைவாக இருந்தால் எக்செலே போதும் என்பது என் கட்சி.

8. தமிழ் இதழ்களுக்குத் தனிக் கவனம்

245-இல் தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே இடுங்கள். ரோமன் எழுத்து வடிவத்தை 246-இல் கொடுங்கள். மாணவர்கள் இரண்டு வகையிலும் தேடுகிறார்கள்.

ஒரே போல் தெரியும் இரண்டு எழுத்துகள் கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம். 'கோ' என்பதை ஒருவர் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்து உள்ளிடுவார். இன்னொருவர் விசைப்பலகையில் இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகள் பதிவாகியிருக்கும். திரையில் வேறுபாடே தெரியாது. 'ஆய்வுக்கோவை' என்று தேடினால் பதிவு வராது. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் காலுக்குப் பதில் 'ர' அடித்தவர்களும், ஔகாரத்துக்கு ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்தவர்களும் உண்டு. கோஹாவின் தேடல் அட்டவணையை, இப்படி இருவிதமாகப் பதிவான எழுத்துகளை ஒன்றாகக் கொள்ளும் ஐ.சி.யு. முறைக்கு மாற்றச் சொல்லி நிறுவியவரிடம் கேளுங்கள். முதல் சிக்கல் அதில் தீரும். மற்ற இரண்டையும் கையால்தான் திருத்த வேண்டும். நான் திருத்தியவை 140-க்கு மேல்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் பட்டியலை ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே ஏற்றுங்கள்.

9. நூறு, ஆயிரம் என்று வந்தால்

வெளியீட்டாளரிடம் 'கேபார்ட் கோப்பு' கேளுங்கள். இதழ்களின் பெயர், எண்கள், கிடைக்கும் ஆண்டுகள், முகவரி எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும் உரைக்கோப்பு அது. இருமுறை சொடுக்கி எக்செலில் திறக்காதீர்கள். லிப்ரே ஆபீஸில் யூ.டி.எப்.-8 என்று தேர்ந்து திறங்கள்.

தடைக்காலம் என்ற நிரலில் 'பி1ஒய்' என்றிருந்தால் கடைசி ஓராண்டு கிடைக்காது. 'ஆர்10ஒய்' என்றிருந்தால் கடைசிப் பத்தாண்டு மட்டுமே கிடைக்கும். நான் இரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஒரு தொகுப்பு முழுவதற்கும் 3 துணைப்புலத்தைத் தவறாக நிரப்பினேன். அணுகல் ஆழம் என்ற நிரலில் முழு உரை என்று இல்லாதவற்றை ஏற்றவே வேண்டாம்.

இந்தக் கோப்பை மார்க்எடிட் என்ற இலவச மென்பொருள் மார்க் பதிவாக மாற்றித்தரும். கோஹாவில் ஏற்றும்போது முதலில் பத்துப் பதிவுகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் உள்ளூர்க் குறியைப் பதிவில் சேர்த்துவிடுங்கள். சந்தா நின்ற அன்று அந்தக் குறியைத் தேடி மொத்தமாக நீக்கலாம். அது இல்லாமல் 900 பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடி நீக்கிய கோடை விடுமுறை எனக்கு நினைவிருக்கிறது.

10. மாதம் ஒரு காலை

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கோஹாவோடு வரும் இணைப்புச் சோதனை நிரலை ஓட்டலாம். ஆனால் பக்கம் திறக்கிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், கட்டுரை திறக்கிறதா என்பது தெரியாது. பணம் கட்டியவற்றைக் கையால் திறந்து பாருங்கள். ஜனவரியில் இரட்டைக் கவனம் தேவை: இதழ்கள் ஒரு வெளியீட்டாளரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுவது பெரும்பாலும் அப்போதுதான்.

11. புதுப்பிப்பதா, நிறுத்துவதா

ஆகஸ்ட்டில் வெளியீட்டாளர் தளத்தின் நிர்வாகப் பக்கத்திலிருந்து 'கவுன்டர்' என்ற பயன்பாட்டு அறிக்கையை இறக்குங்கள். டிஆர்_ஜே1 என்பது இதழ்வாரியாக எத்தனை கட்டுரை எடுக்கப்பட்டது என்பது. கட்டற்ற கட்டுரைகள் அதில் சேராது, ஆகவே நீங்கள் கொடுத்த பணத்துக்கான கணக்கு இதுவே. டிஆர்_ஜே2 கேட்டும் கிடைக்காதவற்றின் எண்ணிக்கை. அடுத்து எதை வாங்கலாம் என்று அது சொல்லும்.

விலையை எடுத்த கட்டுரைகளால் வகுங்கள். எங்கள் இதழ் ஒன்றுக்கு ₹42,000. ஆண்டில் 14 கட்டுரைகள். ஒரு கட்டுரைக்கு ₹3,000. இந்த எண்ணைக் குழுவில் வைத்தபோது கேட்டு வாங்கிய துறையே வேண்டாம் என்றது. அதே நேரம், ஒரே ஓர் ஆய்வு மாணவர் நம்பியிருக்கும் சிறிய இதழை எண்ணை மட்டும் காட்டி வெட்டாதீர்கள். அவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

12. கடவுச்சொற்கள்

நான் சேர்ந்தபோது ஆறு வெளியீட்டாளர் தளங்களின் நிர்வாகக் கணக்கும் எனக்கு முன்பு இருந்தவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருந்தார். நல்ல மனிதர். கடவுச்சொல்லை மாற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் நான் தொலைபேசியில் அழைப்பேன். அவர் பேரனைக் கூப்பிட்டுக் கணினியைத் திறக்கச் சொல்லி ஓ.டி.பி.யை ஒவ்வோர் இலக்கமாக வாசிப்பார். அதற்குள் பத்து நிமிடம் கடந்து அது காலாவதியாகியிருக்கும். கல்லூரிப் பெயரில் நூலகத்துக்கென்று ஒரு மின்னஞ்சலும், நூலக மேசையில் இருக்கும் ஒரு கைப்பேசி எண்ணும் வாங்கி, எல்லாக் கணக்குகளையும் அவற்றுக்கு மாற்றுங்கள். கணக்குகளின் பட்டியலை அச்சிட்டு உறையிலிட்டு முதல்வர் அறையில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் பெற்றுக்கொள்ளுங்கள். 2(எப்), 12(பி) கடிதம் இருக்கும் அதே இரும்பு அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.